‘குடிப்பீங்களா?’: ஒரு மருத்துவ வினாவின் வரலாறு

பெங்களூரின் கிழக்கே, பழைய கன்டோன்மென்ட்டின் விரிவாக அமைந்த காக்ஸ் டவுனில் தமிழ், கன்னடம், உருது, தெலுங்கு, ஆங்கிலம் ஆகிய ஐந்து மொழிகளும் ஒரே தெருவில் புழங்குகின்றன. அங்குள்ள ஒரு சிறு மருத்துவமனைக்கு நெஞ்செரிச்சலோடோ தூக்கமின்மையோடோ வந்து அமரும் ஆணிடம் மருத்துவர் கேட்கக்கூடிய வினா ஒன்று உண்டு: ‘குடிப்பீங்களா?’ விடை ‘இல்லை’ என்றோ ‘எப்பவாவது’ என்றோ வரும். இரைப்பைக்கு ஒரு மாத்திரை எழுதப்படும். அடுத்தவர் உள்ளே வருவார்.

தமிழின் எதிர்கால வினைமுற்று வருங்காலத்தை மட்டும் சுட்டுவதில்லை. வழக்கத்தையும் இயல்பையும் சுட்டும். ‘சூரியன் கிழக்கே உதிக்கும்’ என்பதில் நாளைய செய்தி எதுவும் இல்லை. ‘அவர் குடிப்பார்’ என்பதும் அத்தகையதே: அது ஒரு நிகழ்ச்சியைப் பற்றிய கூற்று அன்று, ஓர் ஆளின் இயல்பைப் பற்றிய கூற்று. செயப்படுபொருள் இல்லாமல் வரும்போது ‘குடி’ என்னும் வினை நீரையோ மோரையோ குறிப்பதில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், ‘குடிப்பீங்களா?’ என்பது ‘நீங்கள் குடிகாரரா?’ என்னும் வினாவை ஒட்டியே நிற்கிறது. கன்னடத்திலும் வேர் அதுவே. ‘குடி’ என்னும் வினையிலிருந்து ‘குடுக’ என்னும் ஏச்சுச்சொல் பிறக்கிறது. ஆகவே பொய் சொல்லாமலேயே ‘இல்லை’ என்று விடை சொல்ல இரு மொழிகளிலும் இடமுண்டு. சனிக்கிழமை மட்டும் மது அருந்துபவர் தம்மைக் ‘குடிக்கிறவர்’ பட்டியலில் வைப்பதில்லை. கடந்த ஐம்பதாண்டுகளில் மருத்துவம் தேடத் தொடங்கியதோ அவரைத்தான்.

அதற்கு முன்பு வரை குடியைப் பற்றிய வினாக்கள் மருத்துவமனையில் எழுந்தவை அல்ல. 1809இல் பிரிட்டிஷ் படை பெங்களூரில் நிலைகொண்ட நாள் முதல் கன்டோன்மென்ட்டில் மது அரசின் கவலையாகவே இருந்தது. ஆனால் அரசு கேட்ட வினாக்கள் வேறு: யார் விற்கலாம், எங்கே விற்கலாம், படைவீரனுக்கு எவ்வளவு, ஆப்காரி வருவாய் எவ்வளவு. 1881இல் மைசூர் ஆட்சி மன்னர் குடும்பத்திடம் திரும்பிய பிறகும் இப்பகுதி ‘சிவில் அண்ட் மிலிட்டரி ஸ்டேஷன்’ என்ற பெயரில் பிரிட்டிஷ் நிர்வாகத்திலேயே 1947 வரை நீடித்தது. படையோடும் படையை அண்டிய தொழில்களோடும் வந்து குடியேறிய தமிழர்கள் அதன் மக்கள்தொகையில் பெரும்பங்கினர். பிரேசர் டவுன், குக் டவுன், ரிச்சர்ட்ஸ் டவுன் ஆகியவற்றைப் போலவே காக்ஸ் டவுனும் அந்த நிர்வாகத்தின் அதிகாரி ஒருவர் பெயரைத் தாங்கியது. 1915இல் தாமஸ் லீஷ்மன் என்பவர் தென்னிந்திய மதுவடிப்பு ஆலைகள் சிலவற்றை இணைத்து யுனைடெட் புரூவரீஸ் நிறுவனத்தைத் தொடங்கியதும் இந்த உலகத்துக்குள்தான்.

எல்லைக்கு அப்பால் சென்னை மாகாணத்தில் நடந்ததும் கடையைப் பற்றிய வரலாறே. 1937இல் இராஜாஜி அமைச்சரவை சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கியது, 1948இல் அது மாகாணம் முழுமைக்கும் பரவியது, 1971இல் தளர்ந்தது, 2003இல் சில்லறை விற்பனை முழுவதும் டாஸ்மாக் கைக்கு வந்தது. கர்நாடகம் 2007 ஜூலையில் சாராய விற்பனையைத் தடை செய்தது. கடையைத் திறப்பதும் மூடுவதுமே கொள்கை விவாதமாக இருந்த இந்த நீண்ட காலத்தில், குடிப்பவர் ஏற்கெனவே மருத்துவரிடம் வந்துகொண்டுதான் இருந்தார்: காயத்துக்காக, இரத்த அழுத்தத்துக்காக, வயிற்றுவலிக்காக. அங்கே அவரிடம் என்ன கேட்கலாம் என்பது பொதுவிவாதத்தின் பொருளாகவே இல்லை.

மருத்துவத்தின் பக்கம் மாற்றம் 1970களில் தொடங்குகிறது. 1977இல் இலண்டனில் கிரிஃபித் எட்வர்ட்ஸ், ஜிம் ஆர்ஃபோர்ட் குழுவினர் ஓர் ஆய்வை வெளியிட்டனர். குடிச்சிக்கலோடு வந்த மணமான ஆண்கள் நூறு பேரில் ஒரு பாதியினருக்கு அன்றைய முழுச் சிகிச்சை. மறு பாதியினருக்கு மனைவியையும் அமர்த்திக்கொண்டு ஒரே ஒரு முறை ஆலோசனை. ஓராண்டு கழித்துப் பார்த்தபோது இரு பிரிவினருக்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. சிகிச்சை பயனற்றது என்று இதைப் படித்தவர்களும் உண்டு. நீண்ட காலத்தில் வென்ற வாசிப்பு வேறு: சரியான நேரத்தில் பேசப்படும் சில சொற்களுக்கும் மருந்துக்குரிய ஆற்றல் இருக்கக்கூடும்.

இரண்டாவது மாற்றம் எண்ணிக்கை பற்றியது. 1986இல் நார்மன் கிரைட்மன் மதுவால் நேரும் தீங்குகளின் பெரும்பகுதி மிதமிஞ்சிக் குடிக்கும் சிலரிடமிருந்து வருவதில்லை, நடுத்தர அளவில் குடிக்கும் பலரிடமிருந்தே வருகிறது என்று வாதிட்டார். ஆபத்து ஒவ்வொருவருக்கும் சிறிது. ஆனால் அவர்கள் எண்ணிக்கையில் மிகுதி. இவ்வாறு ‘குடிநோயாளி’, ‘குடிக்காதவர்’ என்னும் இரு அறைகளுக்கு நடுவே மூன்றாவது அறை ஒன்று கட்டப்பட்டது. அதில் இருப்பவருக்குக் கைநடுக்கம் இல்லை, வேலை போகவில்லை, அவர் குடிமீட்பு மையத்தின் வாசலை மிதிக்கப்போவதும் இல்லை. அவரைக் காண வேண்டுமானால் அவர் வேறு காரணத்துக்காக வரும் இடத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்தில், கேட்டுத்தான் கண்டறிய வேண்டும்.

அதற்கான கருவியை உலக சுகாதார நிறுவனம் 1982இல் தொடங்கிய கூட்டாய்வு உருவாக்கியது. ஆஸ்திரேலியா, பல்கேரியா, கென்யா, மெக்சிகோ, நார்வே, அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளின் தரவுகளிலிருந்து பத்து வினாக்கள் வடிக்கப்பட்டு, 1993இல் ஜான் சாண்டர்ஸ் முதலியோரின் கட்டுரையாக வெளிவந்தன. ‘ஆடிட்’ என்பது அதன் சுருக்கப்பெயர். கணக்குத் தணிக்கையை நினைவூட்டும் அச்சொல் தமிழரிடமும் அதே அச்சத்தைத் தருவதுதான் என்பது தற்செயல். ஒவ்வொரு வினாவுக்கும் 0 முதல் 4 வரை மதிப்பெண், உச்சம் 40. எட்டைத் தொட்டால் எச்சரிக்கை. 8 முதல் 15 வரை எளிய அறிவுரை. 16 முதல் 19 வரை சுருக்கமான ஆலோசனையும் தொடர் கவனிப்பும். 20க்கு மேல் சிறப்பு மருத்துவரிடம் அனுப்புதல். இதே திட்டத்தின் அடுத்த கட்டமாகப் பல நாடுகளில் நடந்த சோதனையின் முடிவு 1996இல் வெளியானது. ஆலோசனை பெற்ற ஆண்களின் சராசரி அன்றாட மது அளவு, பெறாதவர்களைவிட ஏறத்தாழ 17 விழுக்காடு குறைவாக இருந்தது. ஐந்து நிமிட அறிவுரையும் இருபது நிமிட ஆலோசனையும் ஒன்றுபோலவே பயன் தந்தன. நாளொன்றுக்கு நூறு பேரைப் பார்க்கும் மருத்துவருக்கு இந்த ‘ஐந்து நிமிடம்’ சிறிய செய்தி அன்று.

அந்த ஆறு நாடுகளின் பட்டியலில் இந்தியா இல்லை. ஆனால் பெங்களூர் இந்த வரலாற்றுக்குள் வேறொரு வாசல் வழியே நுழைந்தது. நிம்ஹான்ஸ் நிறுவனம் 1970களின் நடுவிலேயே மனநல மருத்துவத்தை ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் கொண்டுசெல்லும் முயற்சியைப் பன்னேர்கட்டா சாலையிலுள்ள சக்கலவாரா கிராமத்தில் தொடங்கியிருந்தது. 1980களின் பிற்பகுதியில் பெல்லாரி மாவட்டம் முழுவதும் அதைச் செய்துபார்த்தது. சாதாரண மருத்துவரும் சுகாதாரப் பணியாளரும் மனநோயைக் கண்டறிந்து கவனிக்க முடியும் என்பதே அம்முயற்சிகளின் அடிப்படை நம்பிக்கை. இந்த அனுபவம் திரண்டிருந்த ஊரில்தான், 1990களின் தொடக்கத்தில், மொழியைப் பற்றிய ஓர் ஆய்வும் நடந்தது.

உலக சுகாதார நிறுவனத்தின் பண்பாட்டிடைப் பொருத்தப்பாட்டு ஆய்வு என்று அதைச் சொல்லலாம். அங்காரா, ஏதென்ஸ், பெங்களூர், அமெரிக்கப் பழங்குடியினரான நவஹோக்கள் வாழும் ஃபிளாக்ஸ்டாஃப், இபாடான், ருமேனியாவின் ஜெபெல், மெக்சிகோ நகரம், சாந்தாந்தேர், சியோல் என ஒன்பது மையங்கள். மது, போதைப்பொருள் சார்ந்த நோயறி வினாக்களை உள்ளூர் மொழிக்குப் பெயர்த்து, மீண்டும் ஆங்கிலத்துக்குப் பெயர்த்து ஒப்பிட்டனர். இருமொழி வல்லுநர்களைக் கூட்டி விவாதித்தனர். ஊரறிந்தவர்களிடம் ‘உங்கள் ஊரில் இயல்பான குடி என்பது எது, மிதமிஞ்சியது எது?’ என்று கேட்டனர். ராபின் ரூம் முதலியோர் 1996இல் வெளியிட்ட தொகுப்பறிக்கை, வினாக்களின் கருத்துகள் பெரும்பாலும் எங்கும் விளங்கின என்றாலும் எல்லாம் ஒன்றுபோல இயங்கவில்லை என்று காட்டியது. தன் உள்ளுணர்வைத் தானே கவனித்துச் சொல்லும்படி கேட்பவையும், நேர்ந்த விளைவுக்குக் குடியே காரணம் என்று தானே முடிவுசெய்யும்படி கேட்பவையும் தொல்லை தந்தன.

மொழியியல் மாணவருக்கு இது வியப்பாக இராது. ‘குடியை நிறுத்த முடியவில்லை என்று உணர்ந்ததுண்டா?’ என்னும் வினா, குடிப்பவன் ஒருவன், அவனைக் கண்காணிக்கும் மற்றொருவன் என இருவர் ஒரே உடலில் இருப்பதாகக் கொண்டு இயங்குகிறது. ‘நண்பர்கள் விடமாட்டேங்கிறாங்க’, ‘உடம்பு வலி விடமாட்டேங்குது’ என்று காரணத்தை வெளியே வைத்துப் பேசும் ஒருவரின் கூற்று அந்தப் படிவத்தின் எந்தக் கட்டத்திலும் விழாது. மனநல ஆய்வுகளில் மொழிபெயர்ப்பைக் கடைசியில் செய்துமுடிக்கும் எழுத்தர் வேலையாகக் கருதும் பழக்கம் இன்றும் உண்டு. இந்த ஆய்வு அதை முதல் வேலையாக வைத்தது. அதன் மதிப்பு அங்கேதான் இருக்கிறது. அதற்குரிய கவனம் பெங்களூரிலேயே கிடைத்ததாகத் தெரியவில்லை.

இலக்கணச் சிக்கலைவிட ஆபத்தானது அலகுச் சிக்கல். ‘ஆடிட்’டின் இரண்டாவது வினா, குடிக்கும் நாளில் வழக்கமாக எத்தனை ‘டிரிங்க்’ என்று கேட்கிறது. அங்கே ஒரு டிரிங்க் என்பது ஏறத்தாழ 10 கிராம் தூய ஆல்கஹால். இந்த அலகில் எண்ணும் குடிகாரர் காக்ஸ் டவுனிலும் இல்லை, கும்பகோணத்திலும் இல்லை. இங்குள்ள அலகுகள் ஃபுல், ஆஃப், குவார்ட்டர், கட்டிங். 2007க்கு முன் கர்நாடகத்தில் சாராயப் பாக்கெட். இன்று மலிவு விஸ்கியின் 90 மில்லி அட்டைப்பெட்டி. இவை கொள்கலனின் பெயர்கள், ஆல்கஹாலின் அளவுகள் அல்ல. கணக்கிட்டுப் பார்க்கலாம். 180 மில்லி குவார்ட்டரில் 42.8 விழுக்காடு ஆல்கஹால் என்றால் 77 மில்லி. எடையில் ஏறத்தாழ 61 கிராம். அதாவது ஒரு குவார்ட்டர் ஆறு டிரிங்க். 90 மில்லி பெட்டி மூன்று. 650 மில்லி ‘ஸ்ட்ராங்’ பீர், 8 விழுக்காடு என்றால், நான்கு.

சனிக்கிழமைதோறும் இரண்டு குவார்ட்டர் குடிக்கும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எவ்வளவு என்று கேட்டால் ‘ரெண்டு’ என்பார். அது உண்மை. படிவத்தில் ‘ஒன்று அல்லது இரண்டு’ என்ற கட்டத்தில் குறி விழும்: மதிப்பெண் 0. மூன்றாவது வினா, ஒரே அமர்வில் ஆறு அல்லது அதற்கு மேல் குடிப்பது எத்தனை முறை என்று கேட்கிறது. ‘ஆறா? எப்பவும் இல்லை’: மீண்டும் 0. மாதம் நான்கு முறை குடிப்பதற்கான 2 மட்டுமே மிஞ்சும். அலகை மாற்றிக் கேட்டால் இரண்டு குவார்ட்டர் பன்னிரண்டு டிரிங்க், மதிப்பெண் 4, வாரந்தோறும் ஆறுக்கு மேல், மதிப்பெண் 3, முன்னைய 2. முதல் மூன்று வினாக்களிலேயே ஒன்பது. எட்டின் எல்லையை அவர் தாண்டிவிடுகிறார். ஒரே மனிதர், ஒரே குடி, ஒரே நேர்மையான விடை. நடுவில் மாறியது ஒரு சொல்லின் அளவு மட்டும். உள்ளூர்ப் பானங்களைக் காட்டி விளக்க வேண்டும், அளவை உள்ளூருக்கேற்ப மாற்றி எண்ண வேண்டும் என்று கருவியின் கையேடே சொல்கிறது. மேசையில் கையேடு இருப்பதில்லை. படிவம் மட்டுமே இருக்கிறது.

நடு அறையில் இருப்பவருக்குத் தமிழில் பெயரும் இல்லை. ‘குடிகாரன்’ உண்டு, ‘குடிமகன்’ என்னும் கேலி உண்டு, ‘சோஷியல் டிரிங்கர்’ என்னும் தற்காப்பு உண்டு. ‘அபாயகரமான குடி’, ‘தீங்கு தரும் குடி’ என்னும் மொழிபெயர்ப்புகள் காகிதத்தில் மட்டுமே வாழ்கின்றன. ‘கவுன்சலிங்’ என்ற சொல்லும் சிக்கலானதே. தமிழ்நாட்டில் அதைக் கேட்டவுடன் பொறியியல் கல்லூரி இடஒதுக்கீடுதான் பலருக்கு நினைவுக்கு வரும். ‘அட்வைஸ்’ என்பதோ ‘அட்வைஸ் பண்ணாதே’ என்னும் எதிர்மறையிலேயே பெரிதும் பயில்கிறது. சுருக்க ஆலோசனை என்று ஆய்வுகள் சொல்வது இவை இரண்டையும் அன்று: கேட்பது, கேட்டதைத் திருப்பிச் சொல்வது, குறைக்க விரும்புகிறாரா என்று அவரையே சொல்லவைப்பது. ‘குடிக்காதீங்க, செத்துப்போவீங்க’ என்பது அதில் சேராது.

இது இந்தியாவில் நடக்கக்கூடியதா என்பதற்கு வலுவான விடை கோவாவிலிருந்து வந்தது. அபிஜித் நட்கர்ணி, விக்ரம் படேல் முதலியோர் அங்குள்ள பத்து ஆரம்ப சுகாதார நிலையங்களில் ‘ஆடிட்’ மதிப்பெண் 12 முதல் 19 வரை பெற்ற 377 ஆண்களைத் தேர்ந்தனர். ஒரு பாதியினருக்கு மனநலப் பட்டம் எதுவும் இல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர் ஆலோசகர்கள் ஒன்று முதல் நான்கு அமர்வுகள் வரை பேசினர். மூன்று மாதங்களில் தீங்கான குடியிலிருந்து மீண்டவர் அப்பிரிவில் 36 விழுக்காடு, மற்றதில் 26. பன்னிரண்டு மாதங்களில் இடைவெளி விரிந்தது: 54, 32. முடிவுகள் 2017இல் வெளியாயின. பேசியவர் மருத்துவர் அல்லர் என்பதே இதில் முதன்மையான செய்தி. ஆய்வு ஆண்களை மட்டுமே சேர்த்தது என்பதையும் குறிக்க வேண்டும். பெண்களிடம் இந்த வினா கேட்கப்படுவதே அரிது, கேட்டாலும் உண்மை விடை வருவது அதனினும் அரிது.

பெங்களூரிலேயே குருராஜ், கிரீஷ், விவேக் பெனகல் ஆகியோரின் ஆய்வு, ஊரகம், சிறுநகர், குடிசைப்பகுதி, நகர்ப்புறம் என நான்கு வகை வாழிடங்களில் குடியின் சுமையை அளந்து 2006இல் உலக சுகாதார நிறுவனத்தின் தென்கிழக்காசிய அலுவலக வெளியீடாக வந்தது. 2019இல் வெளியான தேசிய அளவிலான கணக்கெடுப்பு, மதுவைச் சார்ந்துவிட்ட நிலையில் உள்ளவர்களில் ஏறத்தாழ 38 பேரில் ஒருவரே ஏதேனும் சிகிச்சை பெற்றதாகச் சொன்னது. இது மூன்றாம் அறையைப் பற்றிய கணக்கன்று. கதவு தெரியும் அறையிலேயே நிலைமை இது.

இன்று நாடு முழுவதும் ஆரம்ப சுகாதார அமைப்பு இந்த வினாவைக் கேட்கத்தான் செய்கிறது. தொற்றாநோய்களுக்கான மக்கள்தொகைப் பரிசோதனைத் திட்டத்தில், 30 வயதைக் கடந்தவர்களுக்கென ஆஷா பணியாளர் வீடுவீடாகச் சென்று நிரப்பும் படிவம் ஒன்று உண்டு. அதில் மதுவுக்கென்று ஒரே வினா: நீங்கள் தினமும் மது அருந்துகிறீர்களா? ஆம் என்றால் 1, இல்லை என்றால் 0. நாற்பதாண்டு ஆய்வின் பத்து வினாக்களும் அலகுகளும் எல்லைகளும் ‘தினமும்’ என்னும் ஒரு வினையடையில் வந்து நிற்கின்றன. சனிக்கிழமைதோறும் இரண்டு குவார்ட்டர் குடிப்பவர் ‘இல்லை’ என்கிறார். அவர் சொல்வது முற்றிலும் உண்மை. பணியாளர் 0 என்று எழுதுகிறார். படிவத்தின் அடுத்த வினா இடுப்பளவு பற்றியது. அதற்கு அவர் கையில் அளவு நாடா இருக்கிறது.